ரமோனாவைத் தந்த ஹெலன் ஹன்ட் ஜக்சன்

ஓர் அநீதியைக் கண்டவர் அதை உலகுக்கு எடுத்துச் சொல்லப் பல வழிகள் உண்டு. பத்திரிகைக்குக் கடிதம் எழுதலாம். ஆதாரங்களைத் திரட்டி நூலாக வெளியிடலாம். அரசாங்கத்துக்கு அறிக்கை சமர்ப்பிக்கலாம். இவற்றில் எதற்கும் எவரும் செவிசாய்க்காவிட்டால் கதையாக எழுதலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் வாழ்ந்த ஹெலன் ஹன்ட் ஜக்சன் அம்மையார் இந்த நான்கு வழிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக முயன்று பார்த்தவர். கடைசியாக அவர் எழுதிய கதையே ‘ரமோனா’. அந்த நாவல் இலட்சக்கணக்கானோரால் வாசிக்கப்பட்டது. மேடையில் நடிக்கப்பட்டது. பேசாப்படக் காலத்தில் மட்டும் மூன்று தடவைகள் திரைப்படமாயிற்று. ஆயினும் அதைப் படித்தவர்களிலும் பார்த்தவர்களிலும் எத்தனை பேர் அவர் சொல்ல வந்ததைக் கேட்டார்கள் என்ற கேள்வி இன்றும் எஞ்சி நிற்கிறது. அக்கேள்வியை மனதிற்கொண்டு அவருடைய வாழ்க்கையைப் பார்ப்போம்.

இளமையும் இழப்புகளும்

1830 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் மசசூசெட்ஸ் மாநிலத்தின் அம்ஹர்ஸ்ட் என்னும் சிற்றூரில் ஹெலன் மரியா பிஸ்க் பிறந்தார். தந்தை நேதன் பிஸ்க் அவ்வூர்க் கல்லூரியில் பேராசிரியர். தாய் டெபோராவும் எழுதும் ஆர்வம் கொண்டவர். அதே ஆண்டில் அதே ஊரில் இன்னொரு பெண் குழந்தையும் பிறந்தது. பிற்காலத்தில் உலகம் போற்றும் கவிஞராகிய எமிலி டிக்கின்சன்தான் அக்குழந்தை. இருவரும் சிறுவயதுத் தோழிகள்.

ஹெலனின் துடிதுடிப்பான குழந்தைப் பருவம் நீண்ட காலம் நிலைக்கவில்லை. 1844 இல் தாய் காசநோயால் இறந்தார். மூன்று ஆண்டுகளின் பின் தந்தை உடல்நலம் தேடிப் பயணம் போன இடத்தில், ஜெரூசலம் நகரில் உயிர்நீத்தார். பதினாறு வயதில் பெற்றோர் இருவரையும் இழந்த ஹெலன் உறவினர்களின் ஆதரவில் விடுதிப் பாடசாலைகளில் கல்வி கற்றார்.

1852 இல் எட்வர்ட் ஹன்ட் என்ற இராணுவப் பொறியியலாளரை மணந்தார். முதற் குழந்தை மறே ஒரு வயது நிறையுமுன்பே 1854 இல் இறந்தது. 1863 இல், தாமே வடிவமைத்த நீர்மூழ்கி ஆயுதமொன்றைப் பரிசோதித்துக்கொண்டிருந்தபோது ஏற்பட்ட விபத்தில் கணவர் பலியானார். எஞ்சியிருந்த ஒரே மகன் ரெனியையும் ஒன்பதாவது வயதில், 1865 ஆம் ஆண்டில், தொண்டைக் கரப்பான் நோய் கொண்டுபோயிற்று.

முப்பத்தைந்து வயதுக்குள் தாய், தந்தை, கணவர், இரு பிள்ளைகள் எல்லோரையும் இழந்தவருக்கு வாழ்வில் என்ன பிடிப்பு இருக்க முடியும்? பல மாதங்கள் எவரையும் பார்க்க மறுத்து அறைக்குள் அடைந்து கிடந்தார் ஹெலன். அந்த அறையிலிருந்து வெளியே வந்தபோது அவர் கையில் கவிதைகள் இருந்தன. அதற்கு முன்னர் எழுத்தாளராக வேண்டுமென்று அவர் எண்ணியவரல்லர்.

எழுத்தாளர் ‘எச்.எச்.’

நியூபோர்ட் நகரில் குடியேறிய ஹெலனுக்கு தோமஸ் ஹிக்கின்சன் என்ற எழுத்தாளர் வழிகாட்டியாக அமைந்தார். எமிலி டிக்கின்சனுடன் கடிதத் தொடர்பு வைத்திருந்தவரும் இவரே. அக்காலத்தில் பெண்கள் தம் சொந்தப் பெயரில் எழுதத் தயங்கினர். ஹெலனும் ‘எச்.எச்.’ என்ற இரண்டு எழுத்துகளுக்குள் மறைந்துகொண்டு கவிதைகள், பயணக் கட்டுரைகள், சிறுகதைகள் என்று ஓயாமல் எழுதினார். எழுத்தே அவருக்குச் சீவியமாகவும் இருந்தது. எமர்சன் போன்ற பெரும் சிந்தனையாளரே அவருடைய கவிதைகளை விரும்பிப் பாராட்டினார்.

தாம் புகழடைந்த பின்னர் பழைய தோழியை அவர் மறந்துவிடவில்லை. தம் கவிதைகளை வெளியிட மறுத்து வீட்டுக்குள்ளேயே வாழ்ந்த எமிலியை மீண்டும் மீண்டும் வற்புறுத்தி, 1878 இல் வெளியான ஒரு தொகுப்பில் அவருடைய கவிதையொன்றைப் பெயரின்றியேனும் இடம்பெறச் செய்தார். எமிலியின் மேன்மையை உலகம் அறியுமுன் அறிந்துகொண்ட மிகச் சிலருள் ஹெலன் ஒருவர்.

உடல்நலம் கருதி 1873 இல் கொலராடோவுக்குச் சென்ற அவர், அங்கே வங்கியாளரும் புகையிரதப் பாதை நிறுவனத் தலைவர்களுள் ஒருவருமான வில்லியம் ஜக்சனைச் சந்தித்து 1875 இல் மறுமணம் செய்துகொண்டார். வசதியான வீடு, மலைக்காட்சி, கை நிறைய எழுத்து வேலை என்று வாழ்க்கை அமைதியாக ஓடியது. இதுவரை அவருடைய வாழ்வில் சமூகப் போராட்டம் என்று எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அடிமை ஒழிப்பு இயக்கமும் பெண்கள் வாக்குரிமை இயக்கமும் நாட்டையே உலுக்கியபோது அவர் இரண்டிலும் சேரவில்லை. ஒரே விடயத்தைப் பற்றியே எந்நேரமும் பேசித் திரியும் பெண்களைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது.

பொஸ்டனில் கேட்ட குரல்

1879 ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் பொஸ்டன் நகருக்குச் சென்றிருந்த ஹெலன் ஒரு கூட்டத்துக்குப் போனார். அன்று பேசியவர் பொன்கா என்னும் பூர்வீகக் குடியின் தலைவர். ‘நிற்கும் கரடி’ என்று பொருள்படும் பெயர் கொண்டவர். அவருடைய பேச்சை சுசெட் லா பிளெஷ் என்ற இளம் பூர்வீகக் குடிப் பெண் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொன்னார்.

அவர் சொன்ன கதை இதுதான். பொன்கா மக்கள் நெப்ராஸ்கா பகுதியில் தலைமுறை தலைமுறையாகப் பயிர் செய்து வாழ்ந்தவர்கள். அவர்களுடைய காணியை அரசாங்கம் 1868 ஆம் ஆண்டு ஒப்பந்தமொன்றில் தவறுதலாக வேறொரு குடிக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. அந்தத் தவறைத் திருத்துவதற்குப் பதிலாக 1877 இல் பொன்கா மக்களையே பலவந்தமாக வெளியேற்றித் தெற்கே, இன்றைய ஒக்லஹோமாவுக்குக் கொண்டுசென்றது. பழக்கமில்லாத அந்த வெப்ப நிலத்தில் நோயால் பலர் மாண்டனர். தலைவருடைய மகனும் இறந்தான். தன்னைச் சொந்த மண்ணில் அடக்கம் செய்யவேண்டும் என்பது மகனின் கடைசி விருப்பம். 1879 ஜனவரிக் கடுங்குளிரில், மகனின் எலும்புகளைச் சுமந்துகொண்டு முப்பது பேரளவில் வடக்கு நோக்கி நடந்தார்கள். இராணுவம் அவர்களைக் கைதுசெய்தது. வழக்கு ஒமஹா நகர நீதிமன்றத்துக்கு வந்தது. செவ்விந்தியர் சட்டத்தின் கண்ணில் ஒரு மனிதரா இல்லையா என்பதே அங்கு எழுந்த கேள்வி. மனிதரே என்று 1879 மே மாதத்தில் நீதிபதி தீர்ப்பளித்தார்.

பிள்ளைகள் இருவரையும் மண்ணுக்குக் கொடுத்த ஒரு தாய், மகனை அடக்கம் செய்ய ஊர் தேடி நடந்த ஒரு தந்தையின் கதையைக் கேட்டபோது என்ன நினைத்திருப்பார் என்பதை நாம் ஊகிக்கலாம். அன்றிலிருந்து ஹெலனுக்கு வேறு சிந்தனை இருக்கவில்லை. தாம் எந்தப் பெண்களைக் கண்டு விலகினாரோ அப்படிப்பட்ட ஒருத்தியாகவே தாமும் மாறிவிட்டதை அவரே வியப்போடு ஒப்புக்கொண்டார். அப்போது அவருக்கு நாற்பத்தொன்பது வயது.

கடிதம், நூல், அறிக்கை

முதலில் பத்திரிகைகளுக்குக் கடிதங்கள் எழுதினார். பூர்வீகக் குடிகளின் விவகாரங்களுக்குப் பொறுப்பாயிருந்த உள்நாட்டு அலுவல்கள் செயலாளர் கார்ல் ஷுர்ஸ் என்பவருடனேயே பகிரங்கமாக வாதாடினார். நியூயோர்க் நகரின் அஸ்டர் நூலகத்தில் மாதக்கணக்காக அமர்ந்து அரசாங்க ஆவணங்களைப் புரட்டினார். எந்த ஒப்பந்தம் எப்போது செய்யப்பட்டது, எப்போது மீறப்பட்டது என்று ஒவ்வொன்றாகக் குறித்தெடுத்தார்.

அதன் விளைவாக 1881 இல் வெளிவந்தது ‘அவமானத்தின் ஒரு நூற்றாண்டு’ என்று பொருள்படும் நூல். ஏழு பூர்வீகக் குடிகளுக்கு அரசாங்கம் கொடுத்த வாக்குறுதிகளையும் அவற்றை முறித்த விதத்தையும் அரசாங்கத்தின் சொந்தப் பத்திரங்களைக் கொண்டே அதில் நிறுவினார். அந்நூலின் பிரதியொன்றை அமெரிக்கக் காங்கிரஸ் சபையின் ஒவ்வோர் உறுப்பினருக்கும் தம் சொந்தச் செலவில் அனுப்பிவைத்தார். பிரதிகள் போய்ச் சேர்ந்தன. சட்டம் எதுவும் மாறவில்லை.

அடுத்து அவர் தென் கலிபோர்னியாவுக்குச் சென்றார். ஸ்பானியர் காலத்தில் கிறிஸ்தவ மடங்களைச் சார்ந்து வாழ்ந்த பூர்வீகக் குடிகள் அங்கே இருந்தனர். மெக்சிக்கோவிடமிருந்து கலிபோர்னியா அமெரிக்காவின் கைக்கு மாறிய பின் அவர்களுடைய காணிகளுக்கு உறுதிப் பத்திரம் இல்லையென்று சொல்லிப் புதிய குடியேற்றவாசிகள் அவற்றைப் பறித்துக்கொண்டிருந்தார்கள். 1875 இல் டெமெகுலா என்னும் கிராமத்து மக்கள் நீதிமன்றக் கட்டளையின் பேரில் வீடுவாசலை விட்டு வெளியேற்றப்பட்டிருந்தனர். சட்டத்தின் துணையோடே நடந்த அநியாயம் அது.

அரசாங்கமே ஹெலனை விசேட பிரதிநிதியாக நியமித்து அம்மக்களின் நிலையை ஆராயச் சொன்னது. அபொட் கின்னி என்பவருடன் சேர்ந்து கரடுமுரடான மலைப்பாதைகளில் குதிரை வண்டியில் பயணம் செய்து கிராமம் கிராமமாக மக்களைச் சந்தித்தார். காணிகளை அளந்து எல்லையிட வேண்டும், அத்துமீறிக் குடியேறியோரை அகற்ற வேண்டும், பாடசாலைகள் அமைக்க வேண்டும், வழக்காட சட்டத்தரணிகளை நியமிக்க வேண்டும் என்றெல்லாம் 1883 இல் 56 பக்க அறிக்கை சமர்ப்பித்தார். அதனடிப்படையில் தயாரான சட்டமூலம் செனட் சபையில் நிறைவேறியது. மற்றைய சபையில் கிடப்பில் போடப்பட்டு மடிந்தது.

சீனியில் பொதிந்த மருந்து

கடிதமும் நூலும் அறிக்கையும் பயன்தராத நிலையில் அவருக்கு ஒரு முன்மாதிரி நினைவுக்கு வந்தது. ஹரியட் பீச்சர் ஸ்டோவ் எழுதிய ‘அங்கிள் டொம்ஸ் கெபின்’ நாவல் அடிமைகளுக்காக மக்களின் மனதை அசைத்தது. அது செய்ததில் நூறில் ஒரு பங்கையாவது செவ்விந்தியருக்காகத் தம்மால் செய்ய முடிந்தால் போதும் என்று ஹெலன் எண்ணினார். கசப்பு மருந்தைச் சீனியில் பொதிந்து கொடுப்பதுபோல, காதல் கதைக்குள் வைத்து உண்மையைக் கொடுத்துவிடத் தீர்மானித்தார்.

1883 டிசெம்பரில் நியூயோர்க்கில் ஒரு ஹோட்டல் அறையில் எழுதத் தொடங்கி ஏறத்தாழ மூன்று மாதங்களில் முடித்தார். முதலில் அவர் எண்ணியிருந்த தலைப்பு ‘சட்டத்தின் பெயரால்’ என்பதாகும். நூல் 1884 இல் கதாநாயகியின் பெயரிலேயே வெளியாயிற்று.

ரமோனா, ஸ்கொட்லாந்துத் தந்தைக்கும் பூர்வீகக் குடித் தாய்க்கும் பிறந்த அநாதைப் பெண். செனோரா மொரேனோ என்ற ஸ்பானியச் சீமாட்டியின் பண்ணை வீட்டில் பாசமின்றி வளர்க்கப்படுகிறாள். ஆட்டு உரோமம் கத்தரிக்க வரும் டெமெகுலாக் கிராமத்து இளைஞன் அலெசாந்திரோவை விரும்பி, எதிர்ப்பை மீறி அவனுடன் போய்விடுகிறாள். அவர்கள் எந்த ஊரில் குடிசை போட்டாலும் அந்த ஊரும் பறிபோகிறது. நோயுற்ற குழந்தையைப் பார்க்க அரசாங்க வைத்தியர் வர மறுக்கிறார். குழந்தை இறக்கிறது. துயரத்தால் புத்தி தடுமாறிய அலெசாந்திரோ ஒருநாள் இன்னொருவரின் குதிரையைத் தன்னுடையதென எண்ணி ஓட்டிவருகிறான். குதிரைக்காரன் அவனைத் தேடி வந்து மனைவியின் கண்முன்னே சுட்டுக் கொல்கிறான். முடிவில் செனோராவின் மகன் பெலிப்பே ரமோனாவைக் கண்டுபிடித்து மணந்துகொண்டு மெக்சிக்கோவுக்குச் செல்கிறான்.

குதிரைச் சம்பவம் ஹெலனின் கற்பனையன்று. 1883 இல் ஹுவான் டியேகோ என்ற கஹுயிலாக் குடி மனிதர் இவ்வாறே கொல்லப்பட்டார். சுட்டவர் தற்காப்புக்காகச் செய்ததாகச் சொல்லித் தப்பித்துக்கொண்டார். டெமெகுலா வெளியேற்றமும் உண்மையே. காதலர்கள்தாம் கற்பனை. அவர்களைச் சுற்றி நடந்தவை யாவும் அந்த 56 பக்க அறிக்கையைத் தயாரித்த பயணங்களில் ஹெலன் கேட்டும் கண்டும் அறிந்தவை.

நாவல் வெளியான பத்து மாதங்களில் 15,000 பிரதிகள் விற்பனையாயின. ஆனால் ஹெலனின் உடல் ஓய்ந்துகொண்டிருந்தது. 1884 இல் படிக்கட்டில் விழுந்து கால் முறிந்தது. பின்னர் வயிற்றில் புற்றுநோய் கண்டது. மரணப் படுக்கையிலிருந்து ஜனாதிபதி குரோவர் கிளீவ்லண்டுக்குக் கடிதம் எழுதி, தமது ‘அவமானத்தின் ஒரு நூற்றாண்டு’ நூலை வாசிக்குமாறு கேட்டுக்கொண்டார். நான்கு நாட்களின் பின், 1885 ஒகஸ்ட் 12 ஆம் திகதி சன் பிரான்சிஸ்கோவில் காலமானார்.

திரையில் ரமோனா

அவருடைய மறைவுக்குப் பின் நாவலின் புகழ் வளர்ந்துகொண்டே போனது. முந்நூறுக்கும் மேற்பட்ட தடவைகள் அது மறுபதிப்புக் கண்டது. கியூபாவின் விடுதலைக் கவிஞர் ஹொசே மார்த்தி அதை ஸ்பானிய மொழியில் பெயர்த்தார். அதே காலத்தில் தென் கலிபோர்னியாவுக்குப் புகையிரதப் பாதைகளும் வந்து சேர்ந்தன. நாவலைக் கையில் பிடித்தபடி உல்லாசப் பயணிகள் வந்து இறங்கினார்கள். ரமோனா வளர்ந்த வீடு எது, மணம் முடித்த இடம் எது என்று தேடினார்கள். கற்பனைப் பெண்ணுக்கு உண்மையான வீடுகள் காட்டப்பட்டன. ஊர்களுக்கும் வீதிகளுக்கும் அவள் பெயர் சூட்டப்பட்டது. ஹெலன் அடக்கம் செய்யப்பட்ட மலையிலும் பார்வையாளர் குவிந்தபடியால் அவருடைய உடலை வேறு மயானத்துக்கு மாற்ற நேர்ந்தது.

பின்னர் சினிமா வந்தது. 1910 இல் டி.டபிள்யூ. கிரிபித் இதனைப் பதினேழு நிமிடமளவிலான பேசாப்படமாக எடுத்தார். ரமோனாவாக நடித்த மேரி பிக்போர்ட்டுக்கு அப்போது பதினெட்டு வயது. வெள்ளையர் செவ்விந்தியருக்கு இழைத்த அநீதியின் கதை என்று படத்தின் துணைத் தலைப்பிலேயே கிரிபித் குறிப்பிட்டார். 1916 இல் டொனால்ட் கிரிஸ்ப் எடுத்த நீண்ட படத்தின் பெரும்பகுதி அழிந்துவிட்டது.

மூன்றாவது படம் 1928 இல் வந்தது. மெக்சிக்கோவில் பிறந்த டொலோரஸ் டெல் ரியோ ரமோனாவாகவும் வோர்னர் பக்ஸ்டர் அலெசாந்திரோவாகவும் நடித்தனர். இதன் இயக்குநர் எட்வின் கரூவி, சிக்கசோ என்னும் பூர்வீகக் குடி வழிவந்தவர். பேச்சில்லாத இப்படத்துக்கு இசை மட்டும் சேர்க்கப்பட்டிருந்தது. ரமோனாவின் பெயரிலேயே அமைந்த பாடல் உலகெங்கும் பிரபலமாயிற்று. வைத்தியர் வர மறுப்பதும் குழந்தை இறப்பதும் படத்தில் உண்டு. பூர்வீகக் குடிகளின் கிராமத்தைக் கொள்ளையர் தாக்கி மக்களைக் கொன்றுகுவிக்கும் காட்சியையும் கரூவி அஞ்சாமல் காட்டினார். கணவனை இழந்த அதிர்ச்சியில் நினைவு தவறிய ரமோனாவுக்குப் பெலிப்பேயின் அன்பால் பழைய நினைவு திரும்புவதோடு படம் முடிகிறது. பல்லாண்டுகள் தொலைந்துவிட்டதாகக் கருதப்பட்ட இப்படத்தின் பிரதியொன்று பிராக் நகரத் திரைப்படக் காப்பகத்தில் கிடைத்தது. அது புதுப்பிக்கப்பட்டு 2014 இல் மீண்டும் திரையிடப்பட்டது.

ஹெலன் தோற்றாரா?

மருந்தை விட்டுவிட்டுச் சீனியை மட்டும் உண்டவர்கள் பலர் என்பதை மறுக்க முடியாது. டெமெகுலா மக்கள் எங்கே போனார்கள் என்று கேட்டவர்களைவிட ரமோனாவின் வீட்டைப் பார்க்க வந்தவர்களே அதிகம். நல்லெண்ணத்தோடு உதவ வந்தவர்களும் தவறினார்கள். ஹெலன் இறந்து இரண்டு ஆண்டுகளில், 1887 இல், சீர்திருத்தவாதிகளின் ஆதரவோடு வந்த சட்டமொன்று பூர்வீகக் குடிகளின் பொதுக் காணிகளைத் தனியாருக்குக் கூறுபோட்டது. 1887 இல் 138 மில்லியன் ஏக்கராக இருந்த அவர்களுடைய காணி 1934 இல் 48 மில்லியனாகச் சுருங்கியது.

ஆயினும் கணக்கின் மறுபக்கமும் உண்டு. ஹெலனின் அறிக்கை கேட்டவற்றுள் பலவற்றை உள்ளடக்கி, கலிபோர்னியாவின் அந்த மக்களுக்கான நிவாரணச் சட்டம் 1891 ஜனவரியில் நிறைவேறியது. அவர் கண்மூடி ஐந்தரை ஆண்டுகளின் பின்னராயினும் அவர் நடந்த கிராமங்களில் சில, காணி எல்லை இடப்பட்டுக் காப்பாற்றப்பட்டன. நாவலால் கிளர்ந்த அனுதாபம் அதற்குத் துணைநின்றது.

இன்னொன்றையும் நாம் யோசித்துப் பார்க்கலாம். காதலுக்காக மட்டுமே இக்கதையைத் தேடி வருபவர்கூட அந்த வைத்தியரைத் தாண்டிச் செல்ல முடியாது. குழந்தை ஏன் இறந்தது, அலெசாந்திரோ ஏன் சுடப்பட்டான் என்று கேட்டால், பதில் காணியிலும் சட்டத்திலும் போய் முடிகிறது. அந்த இரண்டையும் எடுத்துவிட்டால் ரமோனாவுக்குக் கதையே இல்லை. ஹெலன் அவற்றை அவ்வளவு இறுக்கமாகப் பின்னிவைத்திருக்கிறார். அதனாலேயே 1910 இல் கிரிபித்தும் 1928 இல் கரூவியும் அவற்றைக் காட்ட வேண்டியதாயிற்று.

தமக்கு நேர்ந்த இழப்புகளால் எழுதத் தொடங்கியவர் ஹெலன். பிறருடைய இழப்புக்காக எழுதியபோதே அவருடைய பேனா முழு வலிமையும் பெற்றது. தமக்குப் பழக்கமில்லாத மொழி பேசும், தம் ஊரைச் சாராத மக்களின் துயரத்தைத் தம் துயரமாக எடுத்துக்கொண்டு, ஆறே ஆண்டுகளில் அவர் இத்தனையும் செய்தார். அவருடைய கதையை வாசிக்கும் நாம் ரமோனாவுக்காகக் கண்ணீர் விடுவதோடு நின்றுவிடாமல், டெமெகுலா மக்கள் எங்கே போனார்கள் என்றும் கேட்போமானால், அவர் சீனியில் பொதிந்து வைத்த மருந்து நம்மிடமாவது வந்து சேரும்.